விடை வேறு, உண்மை வேறு

சிதம்பரத்தில் என் தமக்கை இருக்கிறாள். வருஷத்தில் இரண்டு மூன்று முறையாவது கடலூரில் பஸ் ஏறிப் போய், அவள் கையால் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டு, கோயிலுக்குள் ஒரு சுற்றுச் சுற்றிவிட்டுத் திரும்புவது என் வழக்கம். போன தடவை போயிருந்தபோது, நான் கை கழுவிக்கொண்டு வருவதற்குள் ஒரு காகிதத்தை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள்.

"தம்பி, நீ எழுதறவன்தானே? பையனுக்குப் பள்ளிக்கூடத்துல பேச்சுப் போட்டி. சயன்ஸ் வாத்தியார் எழுதிக் குடுத்திருக்கார். நீ கொஞ்சம் நல்லாத் திருத்திக் குடு. பரிசு வரட்டும்."

'நம் முன்னோர்களின் விஞ்ஞானம்' என்பது தலைப்பு. நான் கதை எழுதுகிறவன். கல்லூரியை இரண்டாம் வருஷத்தோடு விட்டவன். விஞ்ஞானத்தைத் திருத்துகிற யோக்கியதை எனக்கு இல்லை. ஆனால் தமிழைத் திருத்தலாம் அல்லவா? பேனாவை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். இரண்டாவது பாராவிலேயே பேனா நின்றுவிட்டது.

உலகத்தின் காந்த மையம் நடராஜப் பெருமானின் கால் கட்டைவிரலுக்குக் கீழே இருக்கிறது என்றும், மேல்நாட்டு விஞ்ஞானிகள் பல வருஷம் ஆராய்ந்து அதை ஒப்புக்கொண்டுவிட்டார்கள் என்றும் அதில் எழுதியிருந்தது. செல்போன் வைத்திருக்கிற தமிழர்களில் இந்தச் செய்தி வந்து சேராதவர் குறைவு. எனக்கே மாமன் மச்சான் உறவில் நாலைந்து பேர் அனுப்பியிருக்கிறார்கள். அனுப்பியவர்கள் எல்லாரும் நல்லவர்கள். அதுதான் விஷயத்தைச் சங்கடமாக்குகிறது.

காந்த ஊசி ஒன்றை அதன் நடுவில் கட்டித் தொங்கவிட்டால், பூமியின் பெரும்பாலான இடங்களில் அது ஒரு பக்கம் தலை சாய்க்கும். எந்தப் பக்கமும் சாயாமல் கிடையாக நிற்கிற இடங்களை எல்லாம் சேர்த்துப் போட்டால் உலகத்தைச் சுற்றி ஒரு கோடு வரும். அதற்குக் காந்த மத்திய ரேகை என்று பெயர். அந்தக் கோடு சிதம்பரத்துக்குத் தெற்கே வெகுதூரம் தள்ளி, இந்தியாவின் தென்கோடியை ஒட்டிப் போகிறது. திருவனந்தபுரத்துக்கு அருகே தும்பா என்ற மீனவர் கிராமத்தில் 1963 நவம்பர் 21-ல் முதல் ராக்கெட்டை ஏவினார்களே, அந்த இடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு இந்தக் கோடு பக்கத்தில் இருந்ததுதான் காரணம். கோடும் அசையாமல் கிடப்பதில்லை. வருஷா வருஷம் மெல்ல நகர்கிறது. உலகத்தைச் சுற்றி ஓடுகிற ஒரு கோட்டுக்கு நடு என்று ஓர் இடம் ஏது?

இதைச் சொன்னேன். அக்காவுக்குப் பிடிக்கவில்லை.

"சாமி விஷயத்துல போய் ஆராய்ச்சி பண்றியா? நம்ம ஊரைப் பத்தி நல்லதாத்தானே சொல்லுது? பொய்யாவே இருந்துட்டுப் போகட்டும். அதனால யாருக்கு என்ன நஷ்டம்?"

அவள் கேட்டது அலட்சியமான கேள்வி அல்ல. ஒரு பொய் யாரையும் அடிக்கவில்லை, யாருடைய பணத்தையும் எடுக்கவில்லை, நாலு பேர் மனத்தில் ஊர்ப் பற்றையும் பக்தியையும் வளர்க்கிறது. அப்படிப்பட்ட பொய்யை வகுப்பில் ஒரு வாத்தியார் சொன்னால் என்ன கெட்டுப்போய்விட்டது? என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை. ஏனென்றால் இதே கேள்வியை, இதே வார்த்தைகளில், முப்பது வருஷங்களுக்கு முன்னால் கடலூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் கேட்டிருக்கிறேன். கேட்டுவிட்டு அந்தப் பக்கமே சேர்ந்துகொண்டவன் நான்.

அப்போது எங்களுக்குப் பௌதிகச் செய்முறை வகுப்பு. தனி ஊசல் என்று ஒரு சோதனை. ஓர் இரும்புக் குண்டை நூலில் கட்டித் தொங்கவிட்டு, லேசாக ஆட்டிவிட்டு, இருபது ஆட்டத்துக்கு எத்தனை விநாடி ஆகிறது என்று பார்க்க வேண்டும். நூலின் நீளத்தை மாற்றி மாற்றிப் பார்த்துக் கணக்குப் போட்டால், பூமி பொருள்களைத் தன் பக்கம் இழுக்கிற வேகம் எவ்வளவு என்று தெரியும். ஒரு சாதாரண நூல், ஒரு குண்டு, ஒரு கடிகாரம். இவ்வளவை வைத்துக்கொண்டு பதினேழு வயதுப் பையன் பூமியையே எடை பார்க்கிற மாதிரி! நினைத்துப் பார்த்தால் எவ்வளவு பெரிய காரியம்!

எங்களுக்கு அது அப்படித் தோன்றவில்லை. நாற்பது பேருக்கு நாலு ஊசல், இரண்டு கடிகாரம், அதில் ஒன்று நின்று நின்று ஓடும். எனக்குக் கணக்கில் வந்த எண் 977. பக்கத்தில் இருந்தவன் எட்டிப் பார்த்தான். "டேய், புத்தகத்துல 980.6 போட்டிருக்கு. எல்லாருக்கும் அதான் வந்திருக்கு. மாத்திக்கோ" என்றான். ரப்பரை எடுத்து அழித்தேன். அந்த நேரம் பார்த்து வாத்தியார் வந்து நின்றார். எனக்கு உடம்பு நடுங்கியது.

அவர் திட்டவில்லை. தட்டிக் கொடுத்தார். "விடையை மட்டும் மாத்தினா மாட்டிக்குவே. விடையிலேருந்து பின்னால போட்டுக்கிட்டு வா. விநாடியையும் மாத்து. வெளியிலேருந்து பரீட்சைக்கு வர்றவர் மார்க்கைக் குறைச்சுடுவார்" என்றார்.

"தப்பு இல்லையா சார்?" என்றுகூட நான் கேட்கவில்லை. "இதனால யாருக்கு என்ன நஷ்டம்?" என்று மனத்துக்குள் கேட்டுக்கொண்டேன். எந்தக் கடிகாரமும் காட்டாத விநாடிகளை, 'நேரில் கண்ட அளவுகள்' என்று தலைப்பிட்ட கட்டத்துக்குள் அழகான கையெழுத்தில் நிரப்பினேன். நாற்பது நோட்டுகளிலும் ஒரே எண். எல்லாருக்கும் முழு மார்க்கு.

பிறகு கல்லூரியை விட்டு, கதை எழுதப் பழகிக்கொண்டு, கையில் கிடைத்ததை எல்லாம் படித்துக்கொண்டு திரிந்த நாட்களில், ஒரு விஷயம் கண்ணில் பட்டது. 980.6 என்பது கடலூரின் எண்ணே அல்ல! அது 45 டிகிரி அட்சரேகைக்குரிய எண்; தெற்குப் பிரான்ஸுக்கும் வட இத்தாலிக்கும் பொருந்துவது. உலகம் முழுவதற்கும் பொதுவாக ஓர் எண் வேண்டும் என்று 1901-ல் கூடிப் பேசி அதை வைத்துக்கொண்டார்கள். பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருக்கிற நம் கடலூரில் அது 978-ஐ ஒட்டித்தான் இருக்கும். எங்கள் கடிகாரத்துக்கு அவ்வளவு நுணுக்கம் கிடையாது. எனக்கு 977 வந்தது ஏதோ அதிர்ஷ்டம், மறுநாள் பார்த்திருந்தால் 965 வந்திருக்கலாம். ஆனால் நாற்பது பையன்கள் கெடிலக் கரையில் உட்கார்ந்துகொண்டு, தங்கள் காலடியில் இருந்த மண்ணைக் கேட்காமல், ஏதோ ஒரு தூரதேசத்து மண்ணின் எண்ணை எழுதி, அதற்கு முழு மார்க்கும் வாங்கினோம் என்பது நிஜம்.

அந்த எண் ஊருக்கு ஊர் மாறுகிறது என்று மனிதனுக்கு எப்படித் தெரிந்தது? அதுவும் ஓர் ஊசலால்தான். 1672-ல் பாரிஸ் விஞ்ஞானக் கழகத்தார் ழான் ரிஷே என்பவரைத் தென் அமெரிக்காவில் கயேன் என்ற ஊருக்கு வானத்தைப் பார்த்துவர அனுப்பினார்கள். பூமத்திய ரேகைக்கு ஐந்து டிகிரி வடக்கே இருக்கிற ஊர் அது. பாரிஸில் சரியாக ஓடிய ஊசல் கடிகாரம் அங்கே ஒரு நாளைக்கு இரண்டரை நிமிஷம் பின்தங்கியது. ஊசலின் நீளத்தை மூன்று மில்லிமீட்டருக்கும் குறைவாகச் சுருக்கினால்தான் சரியாக ஓடியது.

ரிஷே எங்கள் வகுப்பில் படித்திருந்தால் என்ன செய்திருப்பார்? ரப்பரை எடுத்திருப்பார். அவர் அப்படிச் செய்யவில்லை. வாரக்கணக்கில், மாதக்கணக்கில் திரும்பத் திரும்ப அளந்து, வந்ததை வந்தபடியே எழுதிக்கொண்டு போனார். பாரிஸில் பெரியவர்கள் சந்தேகப்பட்டார்கள்; அளந்ததில் பிழை இருக்கும் என்றார்கள். நியூட்டன் அதைப் பிடித்துக்கொண்டார். பூமி சுழல்கிறது, அதனால் இடுப்புப் பக்கம் சற்றுப் பருத்திருக்கிறது, அங்கே இழுப்பு சற்றுக் குறைவு என்று 1687-ல் வெளிவந்த தம் நூலில் வாதித்தார். பூமி முழு உருண்டை அல்ல என்பதற்கு முதல் சாட்சிகளில் ஒன்று, ஒரு மனிதன் மாற்றாமல் எழுதிவைத்த மூன்று மில்லிமீட்டர்!

அந்தப் பருமன் எவ்வளவு என்று அளக்கிற வேலை நம் ஊருக்கே வந்தது. வில்லியம் லாம்டன் என்ற வெள்ளைக்காரர் 1802-ல் சென்னையில் பரங்கிமலைப் பக்கம் ஓர் அடிக்கோடு அளந்து பெரிய நில அளவையைத் தொடங்கினார். கம்பெனிக்கு வேண்டியது தான் பிடித்த நாட்டின் படம். அதை மறைக்க வேண்டியதில்லை. லாம்டனுக்கு அதோடு பூமியின் வடிவமும் வேண்டியிருந்தது. அரை டன் கனமுள்ள கருவியைச் சுமக்கவைத்து, வடக்கு தெற்காக ஒரு கோடு அளந்தார். சுமார் 175 கிலோமீட்டர் நீளமுள்ள அந்தக் கோட்டின் தென்முனை எது தெரியுமா? கடலூருக்குப் பக்கத்தில் இருக்கிற நம் திருவந்திபுரம்! அதிலிருந்து கணக்கிட்டுப் பார்த்தால் ஒரு டிகிரிக்கு, இன்றைய அளவில், 110.6 கிலோமீட்டர் வந்தது. ஐரோப்பாவின் நடுப்பகுதியில் இருப்பதைவிட அது கொஞ்சம் குறைவு. நியூட்டன் சொன்ன பருத்த பூமிக்கு அது பொருந்தியது.

திருவந்திபுரத்தில் ஔஷதகிரி மலைமேல் ஹயக்ரீவர் இருக்கிறார். கல்விக் கடவுள். பரீட்சைக்கு முன்னால் நாங்களும் 74 படிகள் ஏறிப் போய், பேனாவைச் சந்நிதியில் வைத்து வாங்கிக்கொண்டு வந்தோம். பூமி எப்படி இருக்கிறது என்று கேட்க ஒருவன் கடல் கடந்து வந்து நின்ற ஊரில் நின்றுகொண்டு, கல்விக் கடவுளிடம் நாங்கள் மார்க்கைக் கேட்டோம். அவரும் கொடுத்தார் என்றே சொல்ல வேண்டும்.

இங்கே நீங்கள் என்னை ஒரு கேள்வி கேட்கலாம். 'நீ கதை எழுதிப் பிழைக்கிறவன். இல்லாத மனிதர்களை இருப்பதாகச் சொல்கிறவன். பொய்யைப் பற்றிப் பேச உனக்கு என்ன உரிமை?' நியாயமான கேள்விதான். கதை சொல்கிறவனும் கதை கேட்கிறவனும் முதலிலேயே ஓர் ஒப்பந்தம் செய்துகொள்கிறார்கள். 'இது கதை' என்று எனக்கும் தெரியும், உங்களுக்கும் தெரியும். யாரும் யாரையும் ஏமாற்றுவதில்லை. அந்தக் கட்டத்துக்குமேல் 'நேரில் கண்ட அளவுகள்' என்று எழுதியிருந்ததே, அது வேறு ஒப்பந்தம். 'நான் பார்த்தேன், இது இருந்தது' என்ற வாக்குமூலம். அங்கே சொல்கிற பொய், சாட்சிக் கூண்டில் நின்று சொல்கிற பொய்.

என் வாத்தியாரை நான் குற்றவாளியாக்க விரும்பவில்லை. அவர் எங்கள்மேல் பிரியமுள்ள மனிதர். வீட்டில் முதல்முதலாகப் படிக்கவந்த பிள்ளைகள் எங்களில் பாதிப்பேர். மீன்பிடிக்கிறவர் மகன், கரும்பு வெட்டுகிறவர் மகன். இரண்டு மார்க்கில் ஒருவனுக்கு என்ஜினீயரிங் இடம் போய்விடும். இன்னொருவனுக்கு நெய்வேலியில் கிடைக்க வேண்டிய பயிற்சி வேலை தவறிவிடும். 'சத்தியம் முக்கியம், மார்க் போனால் போகட்டும்' என்று அந்தப் பிள்ளைகளிடம் சொல்வது, வயிறு நிறைந்தவன் பட்டினி கிடப்பவனுக்கு விரதத்தின் மகிமையைச் சொல்வது போல. உண்மை எழுதியவனுக்கு மார்க்கைக் குறைத்து, பொய் எழுதியவனுக்கு முழுதாகப் போடுகிற ஏற்பாட்டை வைத்துக்கொண்டு, பையனையும் வாத்தியாரையும் மட்டும் பிடித்து நீதி போதிப்பது தர்மம் அல்ல. '965 வந்தது, ஏன் குறைந்தது என்றால் இன்னின்ன காரணம் இருக்கலாம்' என்று எழுதுகிறவனுக்கு முழு மார்க்கும் போடலாமே! அதற்குப் புதிய கட்டடம் வேண்டாம், கருவி வேண்டாம், பணம் வேண்டாம். விஞ்ஞான மனப்பான்மையை வளர்ப்பது குடிமக்களின் கடமை என்று 1976-ல் அரசியல் சட்டத்திலேயே எழுதிவைத்துவிட்டோம். செய்முறை நோட்டில் அதற்கு ஒரு வரி இடம் கொடுக்கக் கூடாதா?

விஞ்ஞானம் படிப்பதும் இப்படித்தான். தமிழில் விஞ்ஞானம் சொல்ல முடியுமா என்று ஒரு காலத்தில் பெரிய விவாதம் நடந்தது. ராஜாஜி 1916-லேயே சேலத்தில் இதற்கென்று ஒரு சங்கம் வைத்துக் கலைச்சொற்கள் தேடினார். பின்னால் 'திண்ணை ரசாயனம்' எழுதினார். வக்கீலாக இருந்த பெ. நா. அப்புசாமி தம் நீண்ட ஆயுள் முழுவதும் சாதாரண வாசகனுக்காக விஞ்ஞானம் எழுதிக்கொண்டே இருந்தார். தமிழ்நாடு அறிவியல் இயக்கம் 1987 முதல் பிள்ளைகளுக்காகத் 'துளிர்' நடத்துகிறது. முடியுமா என்ற கேள்விக்கு இவர்கள் விடை சொல்லிவிட்டார்கள். இப்போது கேட்க வேண்டியது வேறு: பையன் கையில் கொடுக்கிற புத்தகம் முடிவை மட்டும் சொல்கிறதா, அந்த முடிவுக்கு எப்படி வந்தார்கள், எங்கே தடுக்கி விழுந்தார்கள் என்பதையும் சொல்கிறதா? முடிவை மட்டும் மனப்பாடம் செய்கிறவனுக்குப் பூமி சுற்றுகிறது என்பதும் கட்டைவிரலுக்குக் கீழே காந்தம் என்பதும் ஒன்றுதான். இரண்டையும் யாரோ சொன்னார்கள், இரண்டையும் நம்பினான்.

ஊர்ப் பெருமையும் விஞ்ஞானமும் சேர்ந்து வேண்டும் என்றால், அதற்கு நம் பக்கத்திலேயே சரக்கு இருக்கிறது. 2004 டிசம்பர் 26-ல் சுனாமி வந்து நம் கரையோரத்தைச் சூறையாடியது. சதுப்பு நிலக் காடுகளுக்குப் பின்னால் இருந்த ஊர்களில் சேதம் குறைவு என்று பரங்கிப்பேட்டையில் இருக்கிற அண்ணாமலைப் பல்கலைக்கழகக் கடல் உயிரியல் ஆராய்ச்சியாளர்கள், பதினெட்டுக் குப்பங்களைப் பார்த்துக் கணக்கெடுத்து 2005-ல் எழுதினார்கள். அடுத்த வருஷமே வெளிநாட்டு ஆராய்ச்சியாளர்கள் சிலர் அதே கணக்கை எடுத்து மறுபடி போட்டுப் பார்த்து, 'காடு காப்பாற்றியதாகச் சொல்ல இது போதாது. கடலிலிருந்து இருந்த தூரமும் நிலத்தின் மேடும் பெரும் பங்குக்குக் காரணம்' என்று வாதாடினார்கள். யார் பக்கம் ஜெயம் என்பது எனக்கு முக்கியமாகப் படவில்லை. எண்களை எல்லாரும் பார்க்கும்படி வைத்ததால்தான் மறுப்பவனாலும் மறுக்க முடிந்தது. இந்தச் சண்டையைச் சிதம்பரத்துப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்து, 'நீ என்ன நினைக்கிறாய், ஏன்?' என்று கேட்டால் அதைவிட நல்ல விஞ்ஞானப் பாடம் வேறு உண்டா?

அக்கா வீட்டுக்கு வருகிறேன். நான் பேச்சைத் திருத்தவில்லை. பையனைக் கூப்பிட்டு, "இதுல எதை நாமே பார்த்துத் தெரிஞ்சுக்க முடியும்?" என்று கேட்டேன். சிதம்பரம், காஞ்சிபுரம், காளஹஸ்தி மூன்றும் ஒரே நேர்கோட்டில் இருப்பதாகவும் அந்தக் காகிதத்தில் இருந்தது. போனில் படத்தை எடுத்து மூன்று கோயில்களையும் தேடினான். மூன்றும் 79 டிகிரி 41 நிமிடமும் சொச்சமும்! சொச்சத்தில் இருக்கிற வித்தியாசம் ஒரு கிலோமீட்டருக்குள். அவன் முகம் மலர்ந்துவிட்டது, எனக்கும் ஆச்சரியம்தான். பிறகு அவனாகவே திருவண்ணாமலையையும் திருவானைக்காவையும் தேடினான். அவை அந்தக் கோட்டில் இல்லை. "அப்ப அஞ்சுல மூணு. இதையும் சேர்த்துச் சொல்லணுமா மாமா?" என்றான். "நீதானே பேசப்போறே?" என்றேன்.

அன்று சாயங்காலம் கோயிலுக்குப் போனோம். சித்சபையில் திரையை விலக்கி ரகசியத்தைக் காட்டினார்கள். தங்க வில்வ மாலைகள் தொங்குகின்றன. பின்னால் ஒன்றும் இல்லை. வெறும் வெளி. ஒன்றுமில்லாததை ஒன்றுமில்லை என்றே திறந்து காட்டி, அதையே கும்பிடச் சொல்கிற துணிவு எத்தனை பேருக்கு வரும்! இந்தக் கோயிலுக்குப் போய் நாம் ஒரு காந்தத்தை இரவல் வாங்கிக் கொடுக்கிறோமே என்று நினைத்தேன். அக்காவும் பக்கத்தில்தான் நின்றாள். அவளிடம் நான் அப்போது ஒன்றும் சொல்லவில்லை.

பேச்சுப் போட்டியில் பையன் மூன்று கோயில் கணக்கைச் சொன்னான். இரண்டு கோயில் விலகி நிற்பதையும் சொன்னான். காந்தக் கதையைத் தேடிப் பார்த்ததில் சரியாக இல்லை என்றும் சொன்னான். பரிசு வேறொரு பையனுக்குப் போயிற்று. வாத்தியார் கோபித்துக்கொள்வாரோ என்று அக்கா பயந்தாள். அவர் கோபிக்கவில்லையாம். மறுநாள் வகுப்பில் தம் போனை எடுத்து, திருவண்ணாமலை எங்கே இருக்கிறது என்று தாமே தேடிப் பார்த்தாராம்.

அடுத்த முறை நான் போனபோது, பின்கட்டு உத்தரத்தில் பையன் நூலில் ஒரு கல்லைக் கட்டித் தொங்கவிட்டிருந்தான். என் பழைய கதையைக் கேட்டதன் விளைவு. போன் கடிகாரத்தை வைத்துக்கொண்டு நூறு ஆட்டம் எண்ணினான். கணக்குப் போட்டான். முகம் சுருங்கிவிட்டது.

"969 தான் வருது மாமா. நீங்க 978-ன்னு சொன்னீங்களே?"

"969-ன்னே எழுது."

எழுதினான். எழுதிவிட்டுக் கல்லையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தான். "நூலை மட்டும்தான் அளந்தேன். கல்லோட நடு வரைக்கும் அளக்கணுமோ?" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஸ்கேலைத் தேடி உள்ளே ஓடினான். நூல் ஆடிக்கொண்டே இருந்தது. அக்கா காப்பித் தம்ளரோடு வாசற்படியில் நின்று அதைப் பார்த்தாள். யாருக்கு என்ன நஷ்டம் என்று இந்தத் தடவை அவள் கேட்கவில்லை.